வாக்குத்தத்தமும் வயிற்றுப்பாடும்



வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் நம் தோல் மண்ணில் ‘வாக்குத்தத்தம்’ என்பது வேதப் புத்தகத்தோடு நின்றுவிட்ட சொல் அல்ல. புத்தாண்டு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டை ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் இருக்கும். கடவுள் கைவிட மாட்டார் என்ற இந்த நம்பிக்கையின் மீது இரண்டு பழிகள் உண்டு. சோற்றுக்காக வந்த நம்பிக்கை என்பது ஒன்று. போராட விடாமல் மயக்கிய நம்பிக்கை என்பது மற்றொன்று. இரண்டையும் வரலாற்றின் முன் வைத்துப் பார்ப்போம்.

முதல் பழி 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் பிறந்தது. சென்னை மாகாணமே சுருண்ட காலம் அது. நிலமற்ற சேரி மக்களே முதலில் விழுந்தார்கள். நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்கிட்டார். அது உயிரைக் காக்காது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பஞ்சத்தை ஒட்டிப் பல்லாயிரம் தலித்துகள் திருச்சபைகளில் சேர்ந்தபோது, ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அதே மாகாணத்தின் வடக்கே, ஒங்கோலில் நடந்தது இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே மிஷனரி கிளஃப், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துப் பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். நிவாரணத்துக்காக வந்தார்கள் என்ற பேச்சு எழக்கூடாது என்று ஞானஸ்நானத்தை நிறுத்தியும் வைத்தார். நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் மாதிகர்கள்; தோல் வேலை செய்தவர்கள். சோறு கொடுத்த கை ஓய்ந்த பிறகும் வந்தவர்களைச் சோற்றுக்காக வந்தவர்கள் என்பது எப்படி?

நம் பகுதியில் ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். ஆம்பூர்ப் பக்கம் பிறகு லுத்தரன் மிஷன் வந்தது. ஊரீசு கல்லூரியும், ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கி சி.எம்.சி.யாக வளர்ந்த மருத்துவப் பணியும் அந்த வழியில் வந்தவை. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்தபோது, வாக்குத்தத்தம் கண்ணால் பார்க்கக்கூடியதாக ஆனது.

ஆனால் வேலை மாறவில்லை. சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டைக் குழியிலும் இறங்கிய கால்கள் பெரும்பாலும் சேரியின் கால்களே. அந்த வாடையே ஊரார் விலகி நடக்கக் காரணமானது. அப்போஸ்தலர் நடபடிகளில் யோப்பா பட்டணத்துச் சீமோன் வருகிறார். அவரும் தோல் பதனிடுகிறவர், வீடு கடலோரத்தில். பேதுரு பல நாள் தங்கியது அவர் வீட்டில். எந்த மனிதரையும் தீட்டு என்று சொல்லலாகாது என்று பேதுரு உணரக் காரணமான தரிசனமும் அங்கேதான் கிடைத்தது. தோல் ஷாப்பில் வேலை செய்து திரும்பும் ஒருவர் இந்தக் கதையைக் கேட்கும்போது, கடவுளின் வாக்கு தன் வீட்டு விலாசத்துக்கே வந்ததாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கைக்கு விலை வைத்தது சுதந்திர இந்தியா. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நின்றனர். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். தனித் தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது.

இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவரும் ஒரு தோல் தொழிலாளிதான். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை, மதத்தைக் காரணம் காட்டி அவருக்கு மறுக்கப்பட்டது. 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதே ஊசி, அதே வார், அதே தெருவோரம் ஆதாரமாகவில்லை.

திருச்சபையும் தன் பங்குக்கு வாக்குத் தவறியது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் சாதிச் சுவர் எழுப்பியது கிறிஸ்தவர்களே அன்றி வேறு யாருமல்லர்.

இரண்டாவது பழிக்குப் பதிலும் இதில் இருக்கிறது. மயங்கிக் கிடப்பவர் வழக்குத் தொடுப்பதில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. இவற்றுக்குப் பின்னால் கூடிக் கூடிக் கேட்ட மக்களின் பல பத்தாண்டுகள் இருக்கின்றன.

மதத்தை மாற்றி எழுதினால் சலுகை கிடைக்கும் என்று தெரிந்தும் மாற்றாமல் இருந்தவர்கள் நம் தெருக்களில் வாழ்கிறார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்றால் 1950லேயே திரும்பிப் போயிருப்பார்கள். கடவுளின் வாக்கை நம்பி அவர்கள் காத்திருக்கிறார்கள்; அரசியல் சட்டத்தின் வாக்கையோ வாய்விட்டுக் கேட்கிறார்கள். முன்னதை நிறைவேற்றுவது நம் கையில் இல்லை. பின்னதை நிறைவேற்ற வைப்பது, நம்பிக்கை உள்ளவர் இல்லாதவர் எல்லோருடைய கடமையும் ஆகும்.