காவல் நிரலுக்குத் தேர்வு வைத்த கதை

பூட்டு ஒன்று வாங்கக் கடைக்குச் செல்கிறீர்கள். நான்கைந்து பூட்டுகளைக் கையில் எடுத்து, இழுத்துப் பார்த்து, சாவியைத் திருப்பிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள். ஆனால் வீட்டுக் கணிப்பொறிக்கு வைரஸ் தடுப்பு நிரல் ஒன்று வாங்க வேண்டுமானால் எதை இழுத்துப் பார்ப்பது? நல்ல நிரலும் பேசாமல்தான் இருக்கும். உதவாத நிரலும் பேசாமல்தான் இருக்கும். அட்டையில் மட்டும் ‘99.9 சதவீதம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எதில் 99.9? எண்ணியவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடிய முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. அது வேடிக்கையானது, சற்றுக் கவலை தருவதுங்கூட.

1983ஆம் ஆண்டு நவம்பரில், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் பிரெட் கோஹென், பிற நிரல்களுக்குள் புகுந்து தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும் நிரல் ஒன்றை இயக்கிக் காட்டினார். அதற்கு ‘வைரஸ்’ என்று பெயர் சூட்டியவர் அவருடைய ஆசிரியர் லெனார்டு ஏடில்மன். மறு ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் கோஹென் இன்னொன்றையும் நிறுவினார்: எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரலை எவராலும் எழுத முடியாது!

இதன் காரணத்தை நீங்களே எளிதில் உணரலாம். பிழையே செய்யாத காவல் நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குறும்பன் புதிய நிரல் ஒன்றை எழுதுகிறான். அது முதலில் அந்தக் காவல் நிரலையே அழைத்து, ‘நான் வைரஸா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்று விடை வந்தால் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். ‘இல்லை’ என்று விடை வந்தால் பரவத் தொடங்கும். காவல் நிரல் எந்த விடையைச் சொன்னாலும் அது தவறாகவே முடியும். ஆகவே நூற்றுக்கு நூறு என்று எங்கேனும் படித்தால், ‘எந்தப் பட்டியலில் நூறு?’ என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

1986இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ வைரஸ், வளைதட்டுகள் வழியே நாடு விட்டு நாடு பரவியது. அதைத் தொடர்ந்து பல வைரஸ்கள் வந்தன. தடுப்பு நிரல்களும் வந்தன. ஒவ்வொரு வைரஸின் குறியீட்டிலும் அதற்கே உரிய ஒரு துணுக்கை அங்க அடையாளமாகக் குறித்துக்கொண்டு, கோப்புகளில் அதைத் தேடுவதே அந்நாளைய முறை. எனவே விற்போரின் போட்டி எண்ணிக்கையில் தொடங்கியது. ‘எங்கள் நிரல் இத்தனை ஆயிரம் வைரஸ்களை அறியும்’ என்றனர். பத்திரிகைகளும் அகப்பட்ட கோப்புகளையெல்லாம் திரட்டி, எந்த நிரல் மிகுதியாகப் பிடிக்கிறது என்று எண்ணின. அத்திரட்டுகளில் இயங்கவே இயலாத சிதைந்த கோப்புகளும் கலந்திருந்தன. வைரஸின் துணுக்கை மட்டும் தாங்கிய போலிக் கோப்புகளைக் கொண்டு சோதித்தோரும் உண்டு. அவை வைரஸ் அல்ல என்று சரியாக உணர்ந்த நிரலுக்கு மதிப்பெண் குறைந்தது! விடை தெரிந்த மாணவன் தோற்று, குருட்டாம்போக்கில் எழுதியவன் வென்ற தேர்வு அது.

மேலும், திரட்டுகளில் இருந்த வைரஸ்களிற் பெரும்பாலானவை ஆய்வாளர்களின் கூண்டுகளில் மட்டுமே வாழ்ந்தன. விலங்குக்காட்சிச் சாலைப் புலி உங்கள் மாட்டைத் தின்னப் போவதில்லை அல்லவா? இதை உணர்ந்த ஜோ வெல்ஸ் என்னும் அமெரிக்கர், 1993இல் ‘காட்டில் உலவும்’ வைரஸ்களின் பட்டியலை வெளியிடத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த பார்வையாளர்களில் இருவரேனும் நேரில் கண்டு அறிவித்த வைரஸே முதன்மைப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கிலாந்தில் 1989 முதல் வெளிவந்த ‘வைரஸ் புல்லட்டின்’ இதழ், 1998இல் இப்பட்டியலை அடிப்படையாகக் கொண்டு ‘வி.பி.100’ என்னும் விருதை ஏற்படுத்தியது. அன்றைய விதிப்படி, பட்டியலில் உள்ள அனைத்தையும் பிடிக்க வேண்டியிருந்தது. தூய கோப்புகளில் ஒன்றைக்கூட வைரஸ் என்று சொல்லக்கூடாது என்றும் இருந்தது. இந்த இரண்டாம் நிபந்தனைதான் என்னைப் பொறுத்தவரை பெரிய முன்னேற்றம். எதைக் கண்டாலும் குரைக்கும் நாய் எந்தத் திருடனையும் தவறவிடாது. ஆனால் அந்த வீட்டில் யாரும் உறங்க முடியாது.

பொய் எச்சரிக்கையைச் சிறு குறை என்று எண்ண வேண்டாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கபி நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இன்றியமையாக் கோப்பு ஒன்றை வைரஸ் என்று தவறாகக் கருதி அகற்றியது. பல நாடுகளில் கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்து, பயனற்று நின்றன. அன்று கேடு செய்தது காவல்காரனே.

பட்டியல் முறைக்கும் ஒரு குறை உண்டு. வினாத்தாள் முன்கூட்டியே எல்லோர் கையிலும் இருந்தது. ஆனால் நம்மைத் தாக்குவது பெரும்பாலும் நேற்றுப் பிறந்த வைரஸ். இதற்கு விடையாக, ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக் நகரிலுள்ள ‘ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ்’ என்னும் அமைப்பு ஒரு முறையைக் கையாண்டது. நிரலைப் புதுப்பிக்காமல் ஒரு நாளோடு நிறுத்திவிட்டு, அந்நாளுக்குப் பின் தோன்றிய வைரஸ்களை அதன் முன் வைத்தனர். அமெரிக்க நுகர்வோர் இதழான ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ 2006இல் இன்னும் துணிந்து, பழைய வைரஸ்களை மாற்றியமைத்து 5,500 புதிய வடிவங்களை உண்டாக்கிச் சோதித்தது. சோதனைக்காகக்கூட நஞ்சு காய்ச்சலாமா என்று தடுப்பு நிரல் நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. அக்கேள்வியில் நியாயம் உண்டு. தன்னலமும் சிறிது கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். 2008இல் நிறுவனங்களும் சோதனையாளர்களும் சேர்ந்து ‘ஆம்ட்ஸோ’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். பொதுமக்களுக்குத் தீங்கு நேரும்படி சோதனை நடத்தலாகாது என்பது அதன் முதல் நெறி. தேர்வு எழுதுவோரும் வைப்போரும் ஒரே மேசையில் அமர்ந்து விதி வகுத்ததை ஐயத்தோடு பார்த்தவர்களும் உண்டு.

காப்பியடித்தலும் இத்துறைக்குப் புதிதன்று. 2010இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் தீங்கற்ற கோப்புகள் 20ஐ உண்டாக்கி, அவற்றுள் 10ஐ மட்டும் வேண்டுமென்றே வைரஸ் என்று தன் நிரலைச் சொல்ல வைத்தது. பிறகு, பல நிரல்களைக் கொண்டு கோப்பை ஆராயும் ‘வைரஸ்டோட்டல்’ சேவையில் அவற்றை இட்டது. பத்து நாட்களில் வேறு நிறுவனங்கள் 14 வரை அதே கோப்புகளை வைரஸ் என்றன! சோதனையை நடத்தியவரும் போட்டியாளரே என்பதை மறவாமல் இதைப் படிக்க வேண்டும்.

2015 ஏப்ரலில் நிகழ்ந்தது இன்னும் வெளிப்படையானது. சீனாவின் ‘கிஹூ 360’ நிறுவனம் தேர்வுக்கு அனுப்பிய நிரலில் ருமேனிய நாட்டு ‘பிட்டிபெண்டர்’ பொறி இயங்கியது. மக்களுக்கு வழங்கிய நிரலிலோ அப்பொறி அணைந்திருக்க, சொந்தப் பொறி இயங்கியது. அதன் பாதுகாப்புக் குறைவு, பொய் எச்சரிக்கை மிகுதி. ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ், ஜெர்மனியின் ஏ.வி.-டெஸ்ட், வைரஸ் புல்லட்டின் ஆகிய மூன்றும் கூட்டாக அறிக்கை விடுத்து, அவ்வாண்டு அந்நிறுவனத்துக்கு அளித்த சான்றுகளைத் திரும்பப் பெற்றன.

ஆகவே ஒரு சோதனை அறிக்கை கைக்கு வந்தால், பிடித்த விழுக்காட்டோடு நின்றுவிடாதீர்கள். பொய் எச்சரிக்கை எத்தனை, எந்த அமைப்பில் சோதித்தார்கள், செலவை ஏற்றவர் யார் என்று பாருங்கள். அறிக்கையின் தேதியையும் பாருங்கள். மைக்ரோசாப்டின் இலவசத் தடுப்பு நிரல் 2012இன் பிற்பகுதியில் ஏ.வி.-டெஸ்டின் சான்று பெறத் தவறியது. விண்டோசுடன் சேர்ந்தே வரும் அதன் ‘டிபெண்டர்’ 2019இல் அதே அமைப்பிடம் 18க்கு 18 பெற்றது.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஏதும் இல்லையா என்று கேட்பீர்கள். வைரஸ் சேகரித்து விளையாடுவது கூடவே கூடாது. ஆனால் ஐரோப்பாவின் ‘ஐகார்’ அமைப்பு வகுத்த சோதனைக் கோப்பு ஒன்று உண்டு. விசைப்பலகையில் தட்டக்கூடிய 68 எழுத்துக்குறிகள், அவ்வளவே. அது எவருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் அதைக் கண்டதும் வைரஸைக் கண்டதுபோலவே குரல் எழுப்ப வேண்டும் என்று நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டுள்ளன. அவ்வெழுத்துகளை ஒரு கோப்பில் சேமித்த உடனே எச்சரிக்கை வந்தால், உங்கள் காவல்காரன் விழித்திருக்கிறான் என்று பொருள். அவன் வலிமையுள்ளவனா என்பதை அந்த 68 எழுத்துகள் சொல்லமாட்டா.