1934-35 மலேரியாக் கொள்ளைநோயும் அரசியல் தலைமையும்

கொள்ளைநோய்கள் சமுதாயங்களுக்குப் பாடம் புகட்டுகின்றன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆயின் அப்பாடம் யாது, அதன் பயன் யாரைச் சென்றடையும் என்பவற்றை அச்சமுதாயத்தின் அதிகார உறவுகளே தீர்மானிக்கின்றன. இலங்கையை 1934-35இல் உலுக்கிய மலேரியாவை இந்நோக்கில் ஆராய்வது பயனுடைத்து.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவற்றின் நீரோட்டம் குன்றி, படுகைகளிற் குட்டைகள் தேங்கின. அவற்றில் நுளம்புகள் பெருகின. பெரும்பாலும் வரண்ட வலயத்துக்குரியதாயிருந்த நோய், எதிர்ப்பாற்றல் குறைந்த கேகாலை, குருநாகல் பகுதிக் கிராமங்களைக் கடுமையாகத் தாக்கியது. ஏறத்தாழ 53 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிலே, சில மாதங்களுள் மாண்டோர் தொகை சுமார் 80,000 என மதிப்பிடப்படுகின்றது. உலகப் பொருளாதார மந்தத்தினால் தெங்கு, இறப்பர் விலைகள் வீழ்ந்து, கிராம மக்கள் ஏற்கெனவே பசியால் நலிந்திருந்தனர். மழையின்மையைக் கொண்டு மட்டும் இப்பேரழிவை விளக்கிவிட முடியாது.

இச்சூழலிலேயே சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இடதுசாரி இளைஞர் கிராமங்களுக்குச் சென்றனர். எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் இப்பணியில் முன்னின்றனர். குயினைனுடன் பருப்பும் வழங்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. நோயின் வேர் பட்டினியிலும் உள்ளது என்ற புரிதலை அது காட்டுகின்றது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் கேகாலைப் பகுதியின் றுவன்வெல்லத் தொகுதி என். எம். பெரேராவைத் தெரிவுசெய்தது.

1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்திராவிடின் இம்மரணங்கள் ஆட்சியறிக்கைகளுடன் அடங்கியிருக்கக்கூடும். வாக்காளரான விவசாயியின் மரணத்துக்கு விடைகூற வேண்டிய நிலை தலைமைக்கு ஏற்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளிற் கிராமிய வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் பரவின. 1946இல் ஆயிரத்துக்கு 20ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14ஆகக் குறைந்தது. இதனை டி.டி.ரீ. மருந்தின் சாதனையாக மட்டும் கொள்வோர், வைத்தியசாலைகளும் உணவுப் பங்கீடும் ஆற்றிய பங்கினை மறந்துவிடுகின்றனர்.

எனினும் இப்பாடத்துக்கு ஓர் எல்லை இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து நிகழ்ந்த வாக்குரிமைப் பறிப்பும் மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பிரதிநிதித்துவத்துக்கு வெளியே தள்ளின. அவர்தம் சுகாதாரம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பாகவே நீடித்தது. 1974ஆம் ஆண்டு உணவு நெருக்கடியின்போது தோட்டப்புறச் சிசு மரண வீதம் தேசிய சராசரியின் இருமடங்கையும் விஞ்சியது. தேயிலையால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தந்தோரின் குழந்தைகளே இவ்வாறு மடிந்தனர்.

கற்ற பாடமும் காவலின்றி நிலைப்பதில்லை. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாகினர். விழிப்பு தளர்ந்தது, 1968-69இல் நோயாளர் தொகை இலட்சக்கணக்கிற் பெருகியது. 2016இலேயே மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது.

ஆகவே, ஒரு கொள்ளைநோயிலிருந்து தலைமை பாடம் கற்றது எனக் கூறப்படும்போது, அது எம்மக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டிருந்தது என்பதனையும் நாம் வினவுதல் வேண்டும். கேகாலை விவசாயியின் குழந்தைக்குக் கிட்டிய பாதுகாப்பு லயத்துக் குழந்தைக்குக் கிட்டாதுபோனதற்கான விடை அவ்வினாவிலேயே உள்ளது.