குவாய் நதிப் பாலமும் மறக்கப்பட்ட தொழிலாளரும்

போரில் வீழ்ந்தோரை நினைவிற் கொள்ளத் தமிழர் கண்ட வழி நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் அதன் நிலைகளை வகுத்துரைக்கின்றது. இருபதாம் நூற்றாண்டில் அக்கல்லின் இடத்தைப் பெரிதும் திரைப்படம் எடுத்துக்கொண்டது. ஆகவே, சிறந்த போர்ப்படம் யாது என ஆராய்வோர், அது யாரை நினைக்கச் செய்கின்றது, யாரை மறக்கச் செய்கின்றது என்பதையும் வினவுதல் வேண்டும். நம் நாட்டிலேயே உருவான ஒரு படத்தைக் கொண்டு, ஊவாத் தோட்டங்களின் மக்களாகிய நாம் அவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படம், பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. இயக்கியவர் டேவிட் லீன். களனி கங்கை பாயும் கித்துல்கலவில் பெரும் மரப்பாலம் கட்டப்பட்டு, மெய்யான புகைவண்டியுடன் தகர்க்கப்பட்டது. படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

இப்படம் மனத்தில் நிலைப்பது வெடியோசையால் அன்று. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட கேணல் நிக்கொல்சன், அதிகாரிகள் கூலிவேலை செய்யலாகாது என்னும் போர்விதிக்காகக் கொடுந்தண்டனையையும் தாங்குகின்றான். பின்னர் அவனே தன் படையினரின் திறமையை நிலைநாட்டும் பொருட்டுப் பகைவனுக்குச் சிறந்த பாலத்தைக் கட்டிக் கொடுக்கின்றான். கடமை எங்கே முடிகின்றது, செருக்கு எங்கே தொடங்குகின்றது என்பதை அவனும் அறியான். இறுதிக் கணத்திலேயே உணர்கின்றான். அலெக் கின்னஸ் அவ்வுணர்வை ஒரு பார்வையில் வெளிப்படுத்துகின்றார். 1930இல் வெளிவந்த ‘மேற்குப் போர்முனையில்’ முதலாக நிலைபெற்ற போர்ப்படங்கள் பலவற்றின் வலிமையும் இதுவே. படைகளின் மோதலைவிட ஒரு மனிதனின் உள்ளத்து மோதலே நெடுங்காலம் வாழ்கின்றது.

இனி வரலாற்றை நோக்குவாம். சயாமையும் பர்மாவையும் இணைத்து ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தனர். தா மக்காம் என்னுமிடத்து மெய்யான பாலம் மே குளோங் ஆற்றின்மேல் அமைந்தது. அங்கிருந்த பிரித்தானியச் சிறைவீரரின் தலைவர் பிலிப் தூசி, நிக்கொல்சனைப் போன்றவரல்லர்; தம் வீரரின் உயிரைக் காப்பதிலும் வேலையைத் தாமதப்படுத்துவதிலுமே முனைந்தவர். அப்பாலத்தை வீழ்த்தியதும் மறைந்து வந்த வெடிவீரரல்லர். 1945இல் நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளே. ஆயினும் படத்தின் புகழ் உண்மையை வென்றது. பாலத்தைத் தேடி வந்த பயணிகளின் பொருட்டு, 1960இல் அவ்வாற்றின் அப்பகுதிக்கே குவே யாய் எனப் பெயர் மாற்றினர்.

படம் மாற்றியவை இவை. அது காட்டாது விட்டதோ இதனினும் பெரிது. அப்பாதையில் உழைத்த நேசநாட்டுச் சிறைவீரர் 60,000க்கு மேற்பட்டோர். இறந்தோர் ஏறத்தாழ 12,000 பேர். ஆசியத் தொழிலாளரோ ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் எனவும், அவர்களுள் இறந்தோர் 90,000 அளவினர் எனவும் வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். பர்மியர், மலாயர், சாவகர் ஆகியோருடன், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் அங்கே மடிந்தனர். முதலில் நல்ல கூலி என ஆசை காட்டினர். பின்னர் வலிந்து பிடித்துச் சென்றனர். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பசியும் அவர்களை மாய்த்தன. சிறைவீரர்க்குத் தம் படை மருத்துவரேனும் இருந்தனர். தொழிலாளர்க்கு அத்துணையும் இல்லை.

இது நமக்கு அயலாரது செய்தியன்று. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டோருள் ஒரு சாரார் இலங்கைக்கும் மறு சாரார் மலாயாவுக்கும் சென்றனர். 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும் 9ஆம் நாள் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. படையிறக்கம் நிகழவில்லை. நிகழ்ந்திருப்பின், பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் பிரட்டுக்களத்திலும் அத்தகைய ஆள்பிடிப்பு நடந்திராது என யார் கூறவல்லார்? நாவலை எழுதிய பூலும் போருக்கு முன் மலாயாவின் இறப்பர்த் தோட்டத்தில் பணிபுரிந்தவர். தோட்டத் தொழிலாளரை நேரிற் கண்டவர். அவர் கதையை மலைநாட்டுத் தீவில் படமாக்கியபோதும், அம்மக்களுக்குக் கதையில் இடம் கிடைத்திலது.

இம்மறதிக்குத் திரைப்படம் மட்டும் காரணமன்று. போர்வீரனுக்குப் படைப்பதிவேடு உண்டு. காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர் துயில்கின்றனர். நம் தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 5,000 போயர் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். பகைவராயினும் அவர்கள் பெயர்கள் ஏடுகளில் உள. அங்கு இறந்தோர்க்கு நினைவுச்சின்னமும் உண்டு. சயாமில் இறந்த தொழிலாளருள் மிகப் பலருடைய பெயரோ எங்கும் எழுதப்படவில்லை. ஏடு இல்லாதவிடத்துக் கதை எழுதுவோனும் படம் எடுப்போனும் கைவிட்டுச் செல்கின்றனர். இக்குறையை உணர்ந்து மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலையும் படைத்தனர். 2023இல் காஞ்சனபுரியில் தமிழர்க்கு நடுகல்லும் நாட்டப்பட்டது. நிகழ்ச்சிக்கும் அக்கல்லுக்கும் இடையே எண்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலத்தைப் பலரும் கண்டு வியக்கின்றனர். முதல் உலகப் போரின் பொருட்டு இரும்பு கிடையாமையால் கல்லும் செங்கல்லும் சீமந்தும் கொண்டு அது கட்டப்பட்டது என்பது இங்கு வழங்கும் செய்தி. 1924இல் அவ்வழியே பதுளைக்குப் புகையிரதம் வந்தது. அப்பாலத்துக்குக் கல் சுமந்தவர் பெயரை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்?

ஆதலின், மாணவர்காள், ‘குவாய் நதிப் பாலம்’ போன்ற படங்களைக் கண்டு மகிழுங்கள். அவற்றின் கலைச்சிறப்பைப் போற்றுங்கள். அதனுடன் ஒரு கடமையையும் மேற்கொள்ளுங்கள். விடுமுறையில் வீடு செல்லும்போது லயத்து முதியோரிடம் அமர்ந்து, அவர்தம் பெற்றோர் எவ்வூரினின்றும் வந்தனர், உறவினர் எவரேனும் மலாயா சென்றனரா, அவர்கள் திரும்பினரா எனக் கேளுங்கள். கேட்டதைப் பெயரோடும் ஆண்டோடும் எழுதிக் கல்லூரி நூலகத்தில் சேர்ப்பியுங்கள். நாளை ஒருவன் நம்மவரைப் பற்றிப் படமெடுக்க விழைவானாயின், அவன் கையிற் கொடுப்பதற்கு அவ்வேடேனும் இருத்தல் வேண்டும்.