நெப்வொர்த் மாளிகை

இங்கிலாந்து தேசத்தில் ஹெர்ட்போர்டுஷையர் ஜில்லாவிலே நெப்வொர்த் எனப் பெயரிய ஜமீன் மாளிகை ஒன்று உளது. 1490 முதல் லிட்டன் வமிசத்தாருக்கு உரியது. பழைய கட்டிடத்தில் முக்காற்பாகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடிக்கப்பட்டது. எஞ்சியதை நாவலாசிரியர் எட்வர்டு புல்வர் லிட்டன் கோபுரங்களும் சிகரங்களும் எழுப்பி அலங்கரித்தார். அவர் குமாரரே 1876 முதல் 1880 வரை இத்தேசத்தில் ராஜப்பிரதிநிதியாயிருந்த லிட்டன் பிரபு.

அப்பெயர் கேட்டவளவில் நம் நெஞ்சம் திடுக்கிடும். நம் மூதாதையர் தாது வருஷப் பஞ்சத்திற் கஞ்சிக்கு அலைந்த காலத்தே, 1877 ஜனவரி 1இல், விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியெனப் பிரகடனஞ் செய்ய டெல்லியிற் பெருந்தர்பார் கூட்டியவர் இவரே. அம்மாதமே, இவர் அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோர் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசுமாகக் குறைத்தார். மண் வெட்டுவோனுக்கு அது போதுமோ? சென்னைச் சுகாதார அதிகாரி கார்னிஷ் துரை எதிர்த்தெழுதினார். சில மாதஞ் சென்றே கூலி உயர்ந்தது.

பராமரிப்புச் செலவு பெரிதாகவே, அம்மாளிகையார் 1974 முதல் தோட்டவெளியைச் சங்கீதக் கச்சேரிகளுக்கு விட்டனர். 1996 ஆகஸ்டில் ஓயாஸிஸ் கோஷ்டியார் ஈரிரவு பாடியபோது இரண்டரை லட்சம் ஜனங்கள் திரண்டனர். கல்யாண விருந்துகளும் அங்கே நடக்கின்றன. விருந்துண்போரை நாம் குறை கூறோம். அவர்கள் தம் வீட்டுப் பெருமையைப் பேணிவைத்தனர். நம் வீட்டுத் துயரை நாம் எழுதிவைத்தோமா? தாது வருஷச் செய்தி கொண்ட ஏடோ கணக்கோ இல்லத்தில் உடைய அன்பர்கள், பிரதி செய்து நமக்கு அனுப்புவாராக.