யாழ்ப்பாணப் புகையிரத நிலையம்

யாழ்ப்பாண நகரின் பழமையை ஆராயப் புகுவோர் கோட்டையையும் நல்லூரையும் நாடுவர். புகையிரத நிலையத்தை நாடுவோர் அரியர். எனினும், சென்ற நூற்றாண்டிலே நம்மவர் வாழ்வு அடைந்த மாற்றங்களை அந்நிலையத்தின் வரலாறு தெளிவுறக் காட்டும்.

இந்நிலையம் 1902ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆந் திகதி திறக்கப்பட்டது. அந்நாளிலே இருப்புப்பாதை காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணத்தினூடாகச் சாவகச்சேரிவரை ஏறக்குறைய 21 மைல் தூரமே சென்றது. தென்னிலங்கைப் பாதையோடு அதற்குத் தொடர்பு இருக்கவில்லை. துறைமுகத்தையும் நகரையும் தென்மராட்சியையும் இணைத்த உள்ளூர்ப் பாதையாகவே அது முதலில் இயங்கிற்று என்பது கருதத்தக்கது.

1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 1ஆந் திகதி கொழும்புடன் நேர்ச்சேவை தொடங்கியது. அதற்கு முன்னர்க் கடல்வழியாகவோ, வன்னிக் காடுகளினூடே மாட்டுவண்டியிலோ பல நாள் பயணஞ் செய்தோர் ஒரே வண்டியிற் கொழும்பை அடைந்தனர். ஆங்கிலங் கற்ற இளைஞர் அரசாங்க எழுதுவினைஞராகத் தெற்கே சென்றனர். அவர்கள் அனுப்பிய மணியோடர்கள் இங்கே பல குடும்பங்களைத் தாங்கின. விடுமுறை தோறும் அவர்கள் மீண்டுவந்து இறங்கிய வாயிலும் இந்நிலையமே. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23ஆந் திகதி யாழ்தேவி கடுகதி வண்டி ஓடத் தொடங்கியபின் அப்போக்குவரவு மேலும் பெருகிற்று.

போர் இவ்வாயிலை அடைத்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. நிலையக் கட்டடம் இடிபாடாயிற்று. இந்தியக் கடனுதவியுடன் பாதை புதுக்கப்பெற்று, 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 13ஆந் திகதி வண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 ஜனவரியிலே காங்கேசன்துறைவரை சென்றது. 1990இலே பிறந்த குழந்தை தன் ஊரிற் புகையிரதத்தைக் காண 24 வயதுவரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று கொழும்புப் பயணிகளும், நம் பல்கலைக்கழகத்துக்கு வரும் தென்னிலங்கை மாணவரும், நயினாதீவு செல்லும் யாத்திரிகரும் இந்நிலையத்திலே ஒருவரையொருவர் காண்கின்றனர். பிரிந்து நின்ற மக்கள் பழகுவதற்கு இதுவும் ஓர் இடமாதல் நன்றே. ஆயினும் நிலையத்தின் பயனைக் கொழும்புப் பயணத்தால் மாத்திரம் அளத்தல் பொருந்தாது. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழை எனப் பாதை நெடுகவுள்ள சிறு நிலையங்கள் குடாநாட்டார் தமக்குள்ளே போக்குவரவு செய்தற்கும் உரியவை. மாணவர் பாடசாலைக்கும், கமக்காரர் சந்தைக்கும், தொழிலாளர் வேலைக்கும் ஏற்ற நேரங்களில் வண்டிகள் ஓடுமாயின், 1902இன் முதற்பயன் நிறைவுறும். வெளியே செல்லும் வழி மீண்டும் கிடைத்துவிட்டது. ஊரிலே தங்கி வாழ்வோருக்கும் அவ்வழி உதவுதல் வேண்டும்.