கிளாஸ்கோ வாடகை வழக்கு (1915): பெண்கள், வீடு, சட்டம் பற்றிய ஒரு மறுநோக்கு

1915ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள சிறுகடன் நீதிமன்றத்தில் 18 வாடகைக் குடியிருப்பாளருக்கு எதிரான வழக்குகள் விசாரணைக்கு வந்தன. வழக்காளி பார்ட்டிக் பகுதியைச் சேர்ந்த ஒரு வீட்டு முகவர். உயர்த்தப்பட்ட வாடகையைச் செலுத்த மறுத்தனர் என்பதே எதிராளிகள் மீதான முறைப்பாடு. கோரப்பட்ட தொகைகள் சிறியன. தீர்ப்பு எதுவும் வழங்கப்படவில்லை. வழக்குகள் அன்றே கைவிடப்பட்டன. ஆயினும் ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்குள் பிரித்தானியப் பாராளுமன்றம் சிறிய வீடுகளின் வாடகையைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியது. ஒப்பந்தச் சுதந்திரத்தைத் தன் பொருளாதார வாழ்வின் ஆதாரமாகக் கொண்டிருந்த ஒரு நாட்டில் இது சாதாரண நிகழ்ச்சியன்று.

தீர்ப்பில்லாத இவ்வழக்கு பெரும்பாலும் ஆண் தொழிலாளர் இயக்க வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீதிமன்றத்தின் முன் திரண்ட கப்பற்கட்டுந் தொழிலாளர், அவர்களிடையே உரையாற்றிய ஜோன் மக்லீன், பின்னர் அதனை நினைவுகூர்ந்து எழுதிய வில்லியம் கலகர் ஆகியோரே அவ்வரலாற்றின் முன்னணியில் நிற்கின்றனர். இவர்தம் பங்கினை நாம் மறுக்கவில்லை. ஆயின், வழக்கு ஏன் அந்த நீதிமன்றத்துக்கு வந்தது என்ற வினாவை எழுப்புவோமாயின், வரலாறு வேறொரு முகத்தைக் காட்டும். அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரும் வீடும்

இருபதாம் நூற்றாண்டுப் போர்களுக்கு முன்னைய கிளாஸ்கோ, பேரரசின் இரண்டாவது நகரம் எனப் பெருமையுடன் பேசப்பட்டது. கிளைட் ஆற்றங்கரையிற் கட்டப்பட்ட கப்பல்கள் உலகக் கடல்களெங்கும் சென்றன. அக்கப்பல்களைக் கட்டியோரிற் பெரும்பாலார் ஓரறை அல்லது ஈரறை வீடுகளில் வாழ்ந்தனர். கல்லாற் கட்டப்பட்ட மாடித்தொகுதிகள். பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு நுழைவாயிலும் படிக்கட்டும். பின்முற்றமும் சலவையறையும் பொது. வீட்டுச் சொந்தக்காரர் பெரும்பாலும் குடியிருப்பாளரின் கண்ணிற் படுவதில்லை. வாடகை பெறுவதும், வீடு கொடுப்பதும், வெளியேற்றுவதும் முகவரின் வேலைகள்.

சட்டம் வீட்டுச் சொந்தக்காரர் பக்கமே சாய்ந்திருந்தது. வாடகைக்கு ஈடாகக் குடியிருப்பாளரின் தளபாடங்கள் மீது அவருக்கு உரிமை இருந்தது. நீதிமன்றக் கட்டளை பெற்று அவற்றைக் கைப்பற்றி விற்கலாம். முன்னர்ச் சிறிய வீடுகளும் ஆண்டுக் குத்தகையாகவே கொடுக்கப்பட்டன. மே 28இல் தொடங்கும் குத்தகைக்கு மாதங்கள் முன்னரே உடன்பட வேண்டியிருந்தது. 1911ஆம் ஆண்டின் வீடு வாடகைக்குக் கொடுத்தலும் வரிமதிப்பும் (ஸ்கொத்லாந்து) சட்டம் இதனை மாற்றிக் குறுகிய காலக் குத்தகைக்கு வழிவகுத்தது. நாடோடியாக வேலை தேடும் தொழிலாளிக்கு இதனால் நன்மையுண்டு. ஆனால் வாடகையை மாதந்தோறும் உயர்த்தவும், மறுப்போரை விரைந்து வெளியேற்றவும் முகவருக்கு அதே சட்டம் வாய்ப்பளித்தது.

ஒப்பந்தம் கணவன் பெயரில் இருந்தது. கூலியிலிருந்து வாடகையைப் பிரித்து வைத்தவளும், முகவருக்குக் கதவு திறந்தவளும் மனைவி. குடும்பத்தலைவன் என்ற சொல்லால் ஆணை விளித்த சட்டம், நாளாந்த நடைமுறையிற் பெண்ணையே சந்தித்தது. பாராளுமன்ற வாக்குரிமை அவளுக்கு அன்று இல்லை. இம்முரண்பாட்டிலிருந்தே 1915இன் போராட்டம் முளைத்தது எனலாம்.

போரும் வாடகையும்

1914 ஓகஸ்டில் முதலாம் உலகப்போர் மூண்டது. ஆண்கள் பலர் படையிற் சேர்ந்தனர். அதே வேளையில் கப்பல், தளவாடத் தொழிற்சாலைகளில் வேலைக்கென ஆயிரக்கணக்கானோர் நகருக்குள் வந்தனர். வீடு கட்டும் வேலையோ நின்றுபோயிற்று. தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி 1915இன் தொடக்கத்தில் முகவர்கள் வாடகையை உயர்த்தினர். கோவன், பார்ட்டிக் முதலிய ஆற்றோரப் பகுதிகளில் உயர்வு கடுமையாக இருந்தது. ஷெட்டில்ஸ்டன் பகுதியில் ஒரு போர்வீரனின் மனைவியைச் சிறு வாடகைப் பாக்கிக்காக வெளியேற்ற முயன்ற சம்பவம் நகரெங்கும் சினத்தை மூட்டியது. நாட்டுக்காகப் போரிடுபவன் வீட்டை நாட்டின் சட்டமே பறிக்கலாமா என்ற கேள்வி, தேசபக்தியின் மொழியிலேயே அரசை மடக்கியது.

இவ்வெதிர்ப்பு திடீரென எழுந்ததன்று. சுயாதீன தொழிற் கட்சியின் அன்ட்ரூ மக்பிரைட், ஜோன் வீட்லி ஆகியோர் மாநகரசபை மூலம் மலிவான வீடுகள் கட்டவேண்டுமென்று போருக்கு முன்னரே வாதிட்டு வந்தனர். ஆண்டுக்கு எட்டுப் பவுண் வாடகையில் தொழிலாளர் குடிசை வீடுகள் என்ற வீட்லியின் திட்டத்துக்கு நகர ட்ராம் சேவையின் உபரி வருமானமே மூலதனமாகக் கருதப்பட்டது. 1914இல் கிளாஸ்கோ பெண்கள் வீடமைப்புச் சங்கம் தோன்றியது. மேரி லேர்ட், ஹெலன் குரோபேர்ட், அக்னஸ் டொலன், மேரி பார்பர் ஆகியோர் அதன் முன்னணியில் நின்றனர்.

இவர்களுள் மேரி பார்பர் நம் கவனத்துக்குரியவர். 1875இல் கில்பார்க்கன் என்ற கிராமத்தில் ஒரு கம்பள நெசவாளியின் மகளாகப் பிறந்தார். மணமான பின் கோவனிற் குடியேறினார். கூட்டுறவுப் பெண்கள் சங்கத்திற் பெற்ற பயிற்சியே அவரது அரசியற் பள்ளி. கூட்டம் கூட்டுவது, கணக்கு வைப்பது, அயலவரை ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவருவது ஆகிய திறன்கள் அங்கே பெறப்பட்டவை.

படிக்கட்டின் அரசியல்

போராட்டத்தின் முறை எளிமையானது. பழைய வாடகை தரப்படும், உயர்வு தரப்படமாட்டாது, எவரும் வெளியேறமாட்டார். இவ்வறிவித்தல் அச்சிட்ட அட்டைகளாகச் சன்னல்களில் வைக்கப்பட்டது. பொது நுழைவாயிலில் ஒருத்தி மணியுடன் காவலிருப்பாள். நம் நாட்டுப் பிஸ்கால் உத்தியோகத்தரை ஒத்த நீதிமன்ற அலுவலர் தெருவில் தலைகாட்டியதும் மணி ஒலிக்கும். சமைத்துக்கொண்டிருந்தவளும், துணி துவைத்துக்கொண்டிருந்தவளும், குழந்தைக்குப் பாலூட்டியவளும் அப்படியே இறங்கி வருவர். கையில் அகப்பட்ட மாவுப் பொதியும் ஈரத்துணியுமே ஆயுதங்கள். குறுகிய படிக்கட்டிற் பெண்கள் நெருங்கி நின்றால் எந்தக் கட்டளையையும் நிறைவேற்ற முடியாது.

இக்காட்சியை வேடிக்கையாக வருணிக்கும் எழுத்துக்கள் பலவுண்டு. ஆயின் இதன் பொருளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரே வாயில், ஒரே சலவையறை, ஒரே முற்றம் என நெருக்கடியால் திணிக்கப்பட்ட பொது வாழ்வே இங்கு அமைப்பாக மாறியது. தொழிற்சாலை ஆணுக்கு எவ்வாறு கூட்டுணர்வை அளித்ததோ, அவ்வாறே மாடித்தொகுதி பெண்ணுக்கு அளித்தது. கோவனில் ஒரு முகவர், ஏனையோர் உயர்வைச் செலுத்திவிட்டனர் எனப் பொய்யுரைத்து ஒரு பெண்ணிடம் கூடுதல் வாடகை பெற்றார் என்றும், மேரி பார்பர் கப்பற்கட்டுந் தளத் தொழிலாளரை அழைத்துச் சென்று அப்பணத்தை மீளப் பெற்றார் என்றும் கலகர் 1936இல் வெளியான தமது நினைவு நூலில் எழுதியுள்ளார். ஆண்கள் அணியாக வந்தனர். அழைத்தவர் ஒரு பெண்.

இலையுதிர்காலத்தில் மறுப்போர் தொகை பல்லாயிரமாகப் பெருகியது. ஒக்டோபரில் ஸ்கொத்லாந்துக்கான அமைச்சர் மக்கின்னன் வூட், ஹன்டர் பிரபுவையும் பேராசிரியர் டபிள்யூ. ஆர். ஸ்கொட்டையும் வாடகை உயர்வு பற்றி விசாரிக்க நியமித்தார். வட்டியும் வரியும் பழுதுபார்க்கும் செலவும் கூடிவிட்டன என்று வீட்டுச் சொந்தக்காரர் வாதிட்டனர். இவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. ஈட்டுக்கடன் பெற்று வீடு கட்டிய சிறு சொந்தக்காரர் பலர் இருந்தனர். இதனாலேயே பின்னர் வந்த சட்டம் வாடகையோடு ஈட்டு வட்டியையும் சேர்த்துக் கட்டுப்படுத்த நேர்ந்தது.

களம் மாறிய வழக்கு

இப்பொழுது நமது வினாவுக்கு வருவோம். வெளியேற்றற் கட்டளைகள் படிக்கட்டுகளில் தோற்றமையாலேயே முகவர் சிறுகடன் நீதிமன்றத்தை நாடினார். அங்கு வெற்றி பெற்றால் வீட்டை அணுக வேண்டியதில்லை. பாக்கியைக் கணவனின் கூலியிலிருந்து, தொழிற்சாலையிலேயே, நீதிமன்றக் கட்டளை மூலம் பிடித்துக்கொள்ளலாம். பெண்கள் காத்துநின்ற வாயிலைச் சுற்றி வேறு வழியாகச் செல்லும் தந்திரம் இது. ஸ்கொத்லாந்தில் ‘ஷெரிப்’ எனப்படுபவர் நீதிபதி. வழக்கை விசாரிக்கவிருந்தவர் ஷெரிப் லீ.

ஆனால் இத்தந்திரமே முகவருக்கு எதிராகத் திரும்பியது. கூலியின் மீது கை வைத்ததும் வாடகைப் பிரச்சினை தொழிற்சாலைப் பிரச்சினையாயிற்று. பெயர்பீல்ட் முதலிய தளங்களின் தொழிலாளர் வேலையைவிட்டு வெளியேறினர். கோவனிலிருந்து பெண்கள் ஊர்வலமாகச் சென்றனர். நீதிமன்றத்தைச் சூழ்ந்த தெருக்கள் நிறைந்தன. தொழிலாளர் தூதுக்குழுவொன்று ஷெரிப்பைக் கண்டு, அரசின் விசாரணை நடைபெறும்போது இவ்வழக்குகளை நடத்துவது தகாது என எடுத்துரைத்தது. முகவர் வழக்குகளை மீளப்பெற்றார். போர்த்தளவாட உற்பத்தி தடைப்படுவதை அரசு பொறுக்க இயலாத காலம் அது.

நவம்பர் 17இலிருந்து கதையைத் தொடங்கும் ஆய்வாளர் ஆண்களையே காண்பர். கோடைகாலப் படிக்கட்டுகளிலிருந்து தொடங்குவோர், பெண்கள் முதலில் வென்றமையால்தான் வழக்கு ஆண்களின் களத்துக்குத் தள்ளப்பட்டது என்பதைக் காண்பர். 1983இல் வெளியான இரு நூல்கள் இவ்வேறுபாட்டை உணர்த்துவன. ஜோசப் மெலிங் வீட்டுப் போராட்டத்தையே தமது ஆய்வின் மையமாக்கினார். இயன் மக்லீன் ‘சிவப்புக் கிளைட்’ பற்றிய மரபுக் கதையை ஐயுற்று நோக்கினார். புரட்சி நடந்ததா, இல்லையா என்ற விவாதத்தில் மட்டும் நாம் நின்றுவிடின், நடந்தேறிய ஒரு வெற்றியை யார் ஈட்டினர் என்பது மறைந்துபோகும்.

சட்டமும் அதன் எல்லைகளும்

1915 டிசம்பர் 23இல் வாடகை, ஈட்டு வட்டி அதிகரிப்பு (யுத்தக் கட்டுப்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. 1914 ஓகஸ்ட் 3இல் இருந்த வாடகையே நியம வாடகை எனக் கொள்ளப்பட்டது. லண்டனில் 35 பவுண், ஸ்கொத்லாந்தில் 30 பவுண், ஏனைய இடங்களில் 26 பவுண் ஆண்டுப் பெறுமதி வரையான வீடுகள் இதன்கீழ் வந்தன. வாடகையைச் செலுத்திவரும் குடியிருப்பாளரை, சட்டங் குறித்த காரணங்களின்றி வெளியேற்ற இயலாது. முன்பணம் கேட்பதும் தடுக்கப்பட்டது. கிளாஸ்கோவின் வெற்றி நாடு முழுவதற்கும் உரியதாயிற்று.

எனினும் சட்டத்தின் சொற்களை நோக்குமிடத்து, அதனை ஈட்டிய பெண்கள் அங்கில்லை. உணவோ பணிவிடையோ தளபாடமோ சேர்ந்த வாடகைகள் விலக்கப்பட்டன. இதனால், தளபாடமிட்ட அறைகளில் ஒண்டிவாழ்ந்த தனித்த தொழிலாளர் பெண்களுக்குப் பாதுகாப்புக் கிட்டவில்லை. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில், விருப்பாவணம் எழுதாது இறந்த குடியிருப்பாளனோடு வாழ்ந்த விதவை ‘குடியிருப்பாளர்’ என்ற சொல்லில் அடக்கப்பட்டாள். கணவன் உயிரோடிருக்கையிற் சட்டம் காணாத பெண்ணை, அவன் இறந்த பின்பே அது கண்டது.

சட்டப் போரும் அத்துடன் ஓயவில்லை. 1920ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த அளவு வாடகை உயர்வுக்கு இடமளித்தது. வெளியேறும் அறிவித்தலை முறைப்படி கொடாது பெற்ற உயர்வுகள் செல்லாதவை என்று கெர் எதிர் பிரைட் என்ற ஸ்கொத்லாந்து வழக்கில் பிரபுக்கள் சபை 1922 நவம்பரிற் தீர்ப்பளித்தது. குடியிருப்பாளர் மேலதிகமாகச் செலுத்திய பணம் அவர்களுக்கே உரியதாயிற்று. அதே மாதப் பொதுத்தேர்தலில் கிளாஸ்கோவின் 15 தொகுதிகளில் 10ஐத் தொழிற் கட்சி வென்றது. ஆனால் 1923இற் பாராளுமன்றம் புதிய சட்டமியற்றி வீட்டுச் சொந்தக்காரரைக் காத்தது. நீதிமன்றத்தில் வென்றதைச் சட்டமன்றத்தில் இழக்கலாம் என்பதற்கு இது தக்க சான்று.

நிலையான பயன் வேறிடத்தில் விளைந்தது. 1920இல் மேரி பார்பர் கிளாஸ்கோ மாநகரசபைக்குத் தெரிவானார். 1924இல் வீட்லி, முதலாவது தொழிற் கட்சி அரசின் சுகாதார அமைச்சராக, மாநகரசபைகள் வாடகை வீடு கட்டுவதற்கு உதவிப்பணம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றினார். 1958இல் மறைந்த பார்பருக்குக் கோவனிற் சிலை எழுந்தது 2018இலேயே.

முடிவுரை

வாடகைக் கட்டுப்பாடு என்ற கருத்து கிளைட் கரையுடன் நின்றுவிடவில்லை. 1918இல் பம்பாயிலும், 1942இல் இலங்கையிலும் போர்க்கால வாடகைச் சட்டங்கள் வந்தன. 1972ஆம் ஆண்டின் இலங்கை வாடகைச் சட்டத்திலும் ‘நியம வாடகை’ என்ற சொல் இடம்பெற்றது. நமது நீதிமன்றங்களில் அச்சொல்லைக் கேட்போர், அதன் பின்னே மணியுடன் வாயிலிற் காவலிருந்த பெண்களை நினைப்பதில்லை. சட்ட நூல்கள் அவர்களைக் குறிப்பதுமில்லை.

கிளாஸ்கோ நமக்கு உணர்த்துவது இதுவே: ஒரு வழக்கின் வரலாற்றை அதன் தீர்ப்பிலிருந்து மட்டும் அறிந்துவிட முடியாது. எந்த வாயிலில் தடுக்கப்பட்டதால் அது நீதிமன்ற வாயிலுக்கு வந்தது என்றும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும்போதுதான், வாடகைச் சீட்டிற் பெயரில்லாதோரும் சட்டத்தை ஆக்கியோராக நம்முன் தோன்றுவர்.