ஹார்வர்ட் வயதுவந்தோர் வளர்ச்சி ஆய்வு

ஹார்வர்ட் வயதுவந்தோர் வளர்ச்சி ஆய்வு என்பது ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1938 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு நெடுங்கால உளவியல் ஆய்வு ஆகும். ஒரே மனிதர்களை இளமை முதல் இறப்பு வரை தொடர்ந்து கவனித்து, அவர்களுடைய உடல்நலம், மனநலம், குடும்ப உறவுகள், குடிப்பழக்கம் ஆகியன ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இவ்வாய்வு பதிவு செய்துள்ளது. மனித வாழ்க்கையைப் பற்றிய ஆய்வுகளுள் மிக நீண்டகாலம் நடைபெற்றவற்றில் இதுவும் ஒன்று. நெருக்கமான உறவுகள் முதுமையில் நலமாக வாழ்வதற்குப் பெரிதும் துணைபுரிகின்றன என்பதும், குடிநோய் பெரும்பாலும் துன்பத்தின் விளைவு அன்று, துன்பத்தின் காரணம் என்பதும் இவ்வாய்வின் இரு முதன்மையான முடிவுகள் ஆகும்.

தொடக்கம்

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவின் தலைவராக இருந்த மருத்துவர் ஆர்லி பாக் இவ்வாய்வைத் தொடங்கினார். மருத்துவம் நோயாளிகளைப் பற்றியே ஆராய்கிறது, நலமாக வாழ்பவர்கள் எவ்வாறு நலமாக இருக்கிறார்கள் என்பதையும் ஆராய வேண்டும் என்பது அவருடைய கருத்து. பல்பொருள் அங்காடித் தொடர் ஒன்றின் உரிமையாளரான வில்லியம் கிராண்ட் தொடக்க காலத்தில் நிதியுதவி அளித்தார். இதனால் இவ்வாய்வு நெடுங்காலம் "கிராண்ட் ஆய்வு" என்றே அழைக்கப்பட்டது. பிற்காலத்தில் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் நிதி வழங்கின.

கிளார்க் ஹீத் இதன் முதல் இயக்குநர் ஆவார். அவரையடுத்து சார்லஸ் மெக்கார்தர் இப்பொறுப்பை ஏற்றார். 1972 ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலண்ட் இயக்குநரானார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் இவ்வாய்வை வழிநடத்தினார். நான்காவது இயக்குநர் மனநல மருத்துவர் ராபர்ட் வால்டிங்கர் ஆவார்.

இரு குழுக்கள்

இவ்வாய்வில் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட இரு குழுக்கள் இடம்பெற்றுள்ளன.

கல்லூரிக் குழு: 1939 முதல் 1944 வரை பட்டம் பெறவிருந்த ஹார்வர்ட் கல்லூரி மாணவர்கள் 268 பேர். உடலும் மனமும் நலமாக இருப்பதாகக் கருதப்பட்டவர்களே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான ஜான் எஃப். கென்னடி, வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் ஆசிரியரான பென் பிராட்லி ஆகியோர் இக்குழுவில் இருந்தனர்.

நகரக் குழு: பாஸ்டன் நகரின் வறிய பகுதிகளில் வளர்ந்த 456 சிறுவர்கள். ஹார்வர்ட் சட்டக் கல்லூரியைச் சேர்ந்த ஷெல்டன் குளூக், எலினோர் குளூக் தம்பதியினர் இளஞ்சிறார் குற்றங்களைப் பற்றி ஆய்வு செய்தபோது, குற்றம் புரிந்த 500 சிறுவர்களுடன் ஒப்பிடுவதற்காக, குற்றம் புரியாத 500 சிறுவர்களையும் தெரிவு செய்தனர். இவ்விரண்டாம் தொகுதியிலிருந்தே நகரக் குழு அமைந்தது. இவர்களுள் பலருடைய பெற்றோர் வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்கள்.

தனித்தனியே தொடங்கப்பட்ட இவ்விரு ஆய்வுகளும் வேலண்டின் காலத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. செல்வமும் கல்வியும் உள்ளவர்களிடம் காணப்படும் ஒரு போக்கு வறியவர்களிடமும் காணப்படுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இது வழிசெய்தது.

ஆய்வு முறை

கல்லூரிக் குழுவினரிடம் தொடக்கத்தில் உடற்பரிசோதனைகளும் மனநல மருத்துவரின் நேர்காணல்களும் நடத்தப்பட்டன. சமூகப் பணியாளரான லூயிஸ் கிரெகரி, மாணவர்களின் வீடுகளுக்கே சென்று பெற்றோரிடம் குடும்ப வரலாற்றைக் கேட்டு எழுதினார். அக்கால வழக்கப்படி மண்டையோட்டின் அளவு, உடலமைப்பு, கையெழுத்து ஆகியனவும் பதிவு செய்யப்பட்டன. உடலமைப்பைக் கொண்டு ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு பின்னர் பொய்த்துப்போனது.

அதன் பின்னர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வினாப்பட்டியல்கள் அனுப்பப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவப் பதிவுகள் பெறப்பட்டன. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்காணல்கள் நடத்தப்பட்டன.

இது ஒரு முன்னோக்கிய ஆய்வு ஆகும். பின்னோக்கிய ஆய்வில், இன்று நோயுற்றிருக்கும் ஒருவரிடம் அவருடைய கடந்தகாலத்தைப் பற்றிக் கேட்கப்படுகிறது. மனித நினைவு இன்றைய நிலைக்கு ஏற்பக் கடந்தகாலத்தைத் திருத்திக்கொள்ளும் இயல்புடையது. முன்னோக்கிய ஆய்விலோ, நிகழ்வுகள் நடக்கும் காலத்திலேயே பதிவு செய்யப்படுகின்றன. எனவே எது முன்னர் நிகழ்ந்தது, எது பின்னர் நிகழ்ந்தது என்பதை உறுதியாக அறிய முடிகிறது. குழந்தைப்பருவத்தை மதிப்பிட்ட ஆய்வாளர்களுக்கு, அம்மனிதர்களின் பிற்கால வாழ்க்கை பற்றிய விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன.

குடிநோய் பற்றிய முடிவுகள்

வேலண்ட் எழுதிய "குடிநோயின் இயல்பு வரலாறு" என்ற பொருள்படும் நூல் 1983 இல் வெளிவந்தது. அதன் திருத்திய பதிப்பு 1995 இல் வந்தது. இத்துறையில் இது ஒரு முதன்மையான நூலாகக் கருதப்படுகிறது.

எது முதலில்?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மனச்சோர்வு, பதற்றம், பிறரைச் சார்ந்திருக்கும் குணம், அன்பற்ற குழந்தைப்பருவம் ஆகியவையே ஒருவரைக் குடிக்குத் தள்ளுகின்றன என்று பல மனநல மருத்துவர்கள் கருதினர். மருத்துவர்கள் குடிநோயாளிகளை நோய் முற்றிய பின்னரே சந்தித்தனர். அந்நிலையில் அவர்களிடம் மனச்சோர்வும் குடும்பச் சிக்கலும் காணப்பட்டதால், அவையே குடிக்குக் காரணம் எனக் கொள்ளப்பட்டது.

குடிக்கத் தொடங்குவதற்கு முன்னரே எழுதப்பட்ட பதிவுகளை வேலண்ட் ஆராய்ந்தபோது வேறொரு வரிசை தெரியவந்தது. பிற்காலத்தில் குடிநோயாளிகளானவர்கள், இளமையில் மற்றவர்களைவிடக் கூடுதலான மனக்குறையுடன் இருந்ததாகத் தெரியவில்லை. மனச்சோர்வு பெரும்பாலும் மிகுதியான குடிக்குப் பின்னரே தோன்றியது. துயரமான குழந்தைப்பருவம் பிற்கால மனநலக் குறைவுடன் தொடர்புடையதாக இருந்தது. ஆனால் குடும்பத்தில் குடிநோயாளிகள் இல்லாதபோது, அது மட்டுமே குடிநோயை முன்னறிவிக்கவில்லை.

இம்முடிவு நோயாளியின் குடும்பத்திற்கும் பொருள் உடையது. தாயின் வளர்ப்போ மனைவியின் குணமோதான் ஒருவரைக் குடிகாரராக்கியது என்ற பழியை இப்பதிவுகள் வலுவிழக்கச் செய்கின்றன. கல்லூரிக் குழுவினரிடையே நிகழ்ந்த மணமுறிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கணவனோ மனைவியோ மிகுதியாகக் குடிப்பவராக இருந்தார். மணவாழ்வு கசந்ததால் குடித்தார் என்பதைவிடக் குடித்ததால் மணவாழ்வு கசந்தது என்பதே பெரும்பாலும் பொருந்தியது.

மரபும் பண்பாடும்

குருதி உறவினர்களிடையே குடிநோயாளிகள் பலர் இருந்தவர்களுக்குக் குடிநோய் ஏற்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நகரக் குழுவில் பண்பாட்டின் தாக்கமும் தெளிவாகத் தெரிந்தது. அயர்லாந்து வழிவந்தவர்களிடம் மதுச்சார்பு, இத்தாலி முதலிய நடுநிலக்கடல் நாடுகளின் வழிவந்தவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. நடுநிலக்கடல் பண்பாடுகளில் குடும்ப உணவின்போது சிறிதளவு திராட்சை மது அருந்துவது இயல்பு, ஆனால் வெறிக்கக் குடிப்பது இழிவாகக் கருதப்படுகிறது. அயர்லாந்துப் பண்பாட்டில் சிறுவர்களுக்கு மது விலக்கப்பட்டாலும், வளர்ந்த ஆண்கள் வெறிக்கக் குடிப்பது பொறுத்துக்கொள்ளப்படுகிறது. இவ்வேறுபாட்டையே வேலண்ட் காரணமாகக் காட்டினார்.

மீட்சி

1996 இல் வெளியான வேலண்டின் கட்டுரையின்படி, மிகுதியாகக் குடித்தவர்களுள் 60 வயதளவில் குடியை முற்றிலும் கைவிட்டிருந்தவர்கள் நகரக் குழுவில் 30 விழுக்காட்டினர், கல்லூரிக் குழுவில் 11 விழுக்காட்டினர் மட்டுமே. உயர்கல்வியும் வசதியும் குடியிலிருந்து மீள உதவும் என்ற எதிர்பார்ப்புக்கு இது மாறானது. நகரக் குழுவினர் இளவயதிலேயே குடிக்கத் தொடங்கி, கடுமையான மதுச்சார்புக்கு ஆளாயினர். கல்லூரிக் குழுவினருள் பலர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து குடித்துவந்தனர்.

ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் மீண்டும் குடிக்குத் திரும்புவது அரிதாக இருந்தது. மாறாக, அளவோடு குடிக்கலாம் என்று முயன்றவர்கள் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பினர்.

மீண்டவர்களின் வாழ்க்கையில் பின்வரும் நான்கு காரணிகளுள் சிலவேனும் காணப்பட்டதாக வேலண்ட் குறிப்பிட்டார்:

1. குடித்தால் உடனடியாகத் தீய விளைவு ஏற்படும் என்ற நிலை அல்லது வெளியாரின் கண்காணிப்பு
2. குடியின் இடத்தை நிரப்பும் வேறொரு பழக்கம் அல்லது ஈடுபாடு
3. பழைய மனக்காயங்களின் சுமையற்ற புதிய உறவுகள்
4. நம்பிக்கையும் தன்மதிப்பும் அளிக்கும் ஒரு குழு அல்லது சமயப் பற்று

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தன்னுதவிக் குழு இந்நான்கையும் ஒருங்கே அளிக்க வல்லது என்பது அவருடைய கருத்து. வேலண்ட் பிற்காலத்தில் அவ்வமைப்பின் அறங்காவலர்களுள் ஒருவராகப் பணியாற்றினார் என்பதையும் இங்கு கருத்திற்கொள்ள வேண்டும்.

உறவுகளும் மனநலமும்

1977 இல் வெளியான நூலில் வேலண்ட், துன்பங்களை எதிர்கொள்ள மனம் கையாளும் தற்காப்பு உத்திகளை ஆராய்ந்தார். நகைச்சுவை, பிறர்க்கு உதவுதல், முன்கூட்டித் திட்டமிடுதல் முதலியவற்றை முதிர்ந்த உத்திகள் எனவும், பிறர்மீது பழிபோடுதல், கற்பனையில் ஒதுங்குதல் முதலியவற்றை முதிராத உத்திகள் எனவும் வகைப்படுத்தினார். முதிர்ந்த உத்திகளைக் கையாண்டவர்களுக்கு உறவுகளும் பணியும் சிறப்பாக அமைந்தன. இவ்வுத்திகள் வயதோடு வளரக்கூடியவை என்பதும் கண்டறியப்பட்டது.

2002 இல் வெளியான நூலில், 50 வயதுக்கு முன்னரே முதுமைக்கால நலத்தை முன்னறிவிக்கும் காரணிகளாக, புகைபிடிக்காமை, மிகுதியாகக் குடிக்காமை, நிலையான மணவாழ்வு, உடற்பயிற்சி, சரியான உடல் எடை, முதிர்ந்த தற்காப்பு உத்திகள், கல்வி ஆகியன கூறப்பட்டன.

வால்டிங்கரும் மார்க் சுல்ட்ஸ் என்ற உளவியலாளரும் 80 வயதைக் கடந்த 47 தம்பதிகளை ஆராய்ந்து, 2010 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மணவாழ்வில் நிறைவு கொண்டவர்களின் மகிழ்ச்சி, உடல்வலி மிகுந்த நாட்களிலும் குறையவில்லை. நிறைவு குன்றியவர்களிடம் உடல்வலி மனத்துயரையும் கூட்டியது. வால்டிங்கர் 2015 இல் ஆற்றிய உரை இணையத்தில் பரவியதால் இவ்வாய்வு பொதுமக்களிடையே பெரிதும் அறியப்பட்டது. இருவரும் இணைந்து எழுதிய நூல் 2023 இல் வெளிவந்தது.

குறைபாடுகள்

* தொடக்கத்தில் தெரிவு செய்யப்பட்ட 724 பேரும் வெள்ளையின ஆண்கள். எனவே பெண்களுக்கும் பிற இனத்தவர்க்கும் இம்முடிவுகளை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. மனைவியர் பிற்காலத்திலேயே ஆய்வில் சேர்க்கப்பட்டனர்.
* நல்ல உறவுகளும் நல்ல உடல்நலமும் சேர்ந்து காணப்படுவது ஒட்டுறவு மட்டுமே. உறவுகள் உடல்நலத்தைப் பேணியிருக்கலாம். நலமாக இருப்பவர்களுக்கு உறவுகளைப் பேணுவது எளிதாக இருந்திருக்கவும் கூடும்.
* உறவின் இனிமை போன்றவை ஆய்வாளர்களின் மதிப்பீட்டைச் சார்ந்தவை.
* குடிநோய் பற்றிய வரையறைகள் ஆய்வுக் காலத்திலேயே மாற்றமடைந்துள்ளன.
* மனச்சோர்வு பெரும்பாலும் குடிக்குப் பின்னர் வந்தது என்பது, மனச்சோர்வினால் குடிக்கத் தொடங்குவோர் எவரும் இல்லை என்று பொருள்படாது.

இரண்டாம் தலைமுறை

முதல் தலைமுறையினரின் பிள்ளைகள் 1,300 க்கும் மேற்பட்டோர் அடுத்தகட்ட ஆய்வில் சேர்க்கப்பட்டுள்ளனர். இவர்களுள் பெண்களும் உள்ளனர். குழந்தைப்பருவச் சூழல், நடுத்தர வயதில் உடலையும் மன உளைச்சலைத் தாங்கும் திறனையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதே இக்கட்டத்தின் முதன்மையான கேள்வி ஆகும்.

இவற்றையும் பார்க்க

* குடிநோய்
* மனச்சோர்வு
* வளர்ச்சி உளவியல்
* தற்காப்பு உத்திகள்
* ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்